எங்க குறைஞ்சது மேடம்?

எங்கள் கல்லூரியில் ‘ஓ’ கிரேடு இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு வைக்க வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவர்களில் நானும் ஒருத்தி. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் புலம்பப்போவதைப் படித்துவிட்டு, பாவம், யாரோ இவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. யாரும் கட்டவில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தாம்பரத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற தனியார் கல்லூரி அது. பி.காம். பிள்ளைகளுக்கு வணிகச் சட்டம் நடத்துகிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் நாங்களே கேள்வித்தாள் எடுப்போம், நாங்களே திருத்துவோம், நாங்களே மார்க் போடுவோம். சமைப்பவளே பரிமாறி, அவளே சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று அவளே சொல்லிக்கொள்கிற மாதிரிதான். தொண்ணூறும் அதற்கு மேலும் வாங்கினால் ‘ஓ’, அதாவது அவுட்ஸ்டாண்டிங்; அதற்குக் கீழே எண்பது வரை ஏ ப்ளஸ். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்புக்கு ஒருவரோ இருவரோ ‘ஓ’ வாங்குவார்கள். அப்புறம் நான்கைந்து பேர் ஆனார்கள். அப்புறம் பத்துப் பன்னிரண்டு பேர். சில பாடங்களில் பாதி வகுப்பே ‘ஓ’ என்று ஆகிவிட்டது.

பிள்ளைகள் திடீரென்று மேதைகள் ஆகிவிட்டார்களா, அல்லது நாங்கள் திடீரென்று தாராளப் பிரபுக்கள் ஆகிவிட்டோமா என்று யாரும் கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் செல்போனில் எங்களுக்கு மார்க் போடுகிறார்கள். கறாராகத் திருத்துகிறவர்களுக்கு நட்சத்திரம் குறையும். ஜூன் மாதம் வந்தால் வாசலில் ‘ஓ’ வாங்கியவர்களின் முகங்களோடு ஃபிளெக்ஸ் கட்ட வேண்டும். முகம் குறைந்தால் பக்கத்துக் கல்லூரிக்குக் கூட்டம் போய்விடும். எங்கள் துறைத் தலைவர் சார் ஒவ்வொரு முறையும் விடைத்தாள் கட்டு வரும்போது, “கொஞ்சம் லிபரலா போடுங்க மேடம், நம்ம பசங்கதானே” என்பார். நல்ல மனிதர். அவர் சொன்னால் மறுக்கத் தோன்றாது.

எனக்குப் பொறுமை போனது ஒரு பையனால். என் பாடத்தில் ‘ஓ’ வாங்கியவன். ரிசல்ட் வந்து ஒரு வாரம் கழித்து கேன்டீனில் என்னைப் பார்த்து, “மேடம், நம்ம சப்ஜெக்ட்ல மொத்தம் எத்தனை யூனிட்?” என்று கேட்டான். கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். நான் கையில் வைத்திருந்த வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். எல்லோருக்கும் கொடுத்தால் அதற்குப் பெயர் கிரேடு இல்லை, கோயில் பிரசாதம் என்றேன். உண்மையிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நாம் துரோகம் செய்கிறோம் என்றேன். கைதட்டல் வந்தது. வந்ததும் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. யோசித்து, பேசி, கடைசியில் ஒரு விதி போட்டார்கள்: எந்தப் பாடத்திலும் பத்தில் ஒருவருக்கு மேல் ‘ஓ’ கிடையாது. என் வகுப்பில் ஐம்பது பேர். ஆக, ஐந்து ‘ஓ’.

அந்த ஐம்பதில் ஒருத்தி இரண்டாவது பெஞ்சு ஓரத்தில் உட்காருவாள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு குப்பத்திலிருந்து வருகிறாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா ரோட்டோரம் மீன் விற்கிறவர். சோழிங்கநல்லூரில் ஒரு பஸ் மாறி மேடவாக்கம் வழியாக வந்து சேரும்போது முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும், காது மட்டும் திறந்திருக்கும். ஒப்பந்தச் சட்டம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள் கையைத் தூக்கினாள்.

“மேடம், மீன் புடிக்கப் போன போட்டு கடலுக்குள்ள இருக்கறப்பவே, வர்ற மீனு மொத்தமும் உனக்குத்தான்னு கரையில ஒருத்தர்கிட்ட வாக்கு குடுத்துட்டா, அது கான்ட்ராக்டா? இன்னா மீனு வரும்னே தெரியாதே.”

“நல்ல கேள்வி” என்றேன். பதில் கைவசம் இல்லாதபோது வாத்தியார்கள் சொல்வது அதுதான். மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போய் என்னைக் காப்பாற்றியது. அன்று மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு மறுநாள் பதில் சொன்னேன். அதற்கும் ஒரு துணைக்கேள்வி வைத்திருந்தாள். அந்தப் பெண் வகுப்பில் இருந்தால் நடத்துவதில் ஒரு ருசி இருந்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை வகுப்பே அறியும். கடைசி வருடத்தில் ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வளாகத் தேர்வுக்கு வரும். ஐந்தாவது செமஸ்டர் வரை கிரேடு சராசரி பத்துக்கு ஒன்பதாவது இருந்தால்தான் உள்ளே உட்கார விடுவார்கள். அவள் ஒன்பதில் ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பாடத்தில் ‘ஓ’ தவறினாலும் கீழே இறங்கிவிடும் நிலை. வேலை கிடைத்தால் அம்மாவை வெயிலில் உட்கார விடமாட்டேன் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். எனக்கும் காதில் விழுந்தது.

நான்காவது செமஸ்டர் பேப்பர்கள் வந்தன. முகப்பைக் கிழித்து, பேருக்குப் பதிலாக ஒரு டம்மி எண் ஒட்டித்தான் எங்களிடம் கொடுப்பார்கள். நான் என் வழக்கப்படி திருத்திக் கொடுத்தேன். இரண்டு நாளில் தேர்வு அலுவலகத்திலிருந்து ஒரு சிறிய கட்டு திரும்பி வந்தது. பதினோரு பேர் தொண்ணூறைத் தாண்டியிருக்கிறார்கள், ஐந்து பேரைத் தவிர மற்றவர்களை மறுபரிசீலனை செய்து தரவும் என்று சொல்லியிருந்தார்கள். மறுபரிசீலனை என்றால் என்னவென்று விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை, ஆறு பேரைக் கீழே இறக்க வேண்டும்.

திருத்தும் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்து, பதினோரு பேப்பரையும் மேஜைமேல் பரப்பினேன். எது மற்றதைவிடச் சிறந்தது என்று கண்டுபிடித்துவிடலாம், அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன் என்று நினைத்தேன். முதல் பேப்பரைப் படித்தேன். இரண்டாவதைப் படித்தேன். மூன்றாவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் என் நோட்ஸ். பரீட்சைக்கு முன்னால் முக்கியமான கேள்விகள் என்று பன்னிரண்டு கொடுத்து, அவற்றுக்குப் பதிலையும் நானே சொல்லி எழுதவைப்பது எங்கள் வழக்கம். கொடுக்காவிட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள். நான் எங்கே மூச்சு வாங்கிக்கொண்டு ‘சுருங்கச் சொன்னால்’ என்பேனோ, அதே இடத்தில் பதினோரு பேரும் சுருங்கச் சொல்லியிருந்தார்கள். இதில் யாருக்கு அதிகம் போடுவது? என் வாக்கியத்துக்கு எதிராக என் வாக்கியத்தையே நிறுத்தி எடைபோடுவது எப்படி?

இருந்தாலும் ஒரு வரிசை போட்டேன். ஒருவர் தீர்ப்பு ஒன்றைக் கூடுதலாகக் குறிப்பிட்டிருந்தார். ஒருவர் உதாரணத்தை விட்டிருந்தார். ஒருவரின் எழுத்து கண்ணுக்கு இதமாக இருந்தது. முதல் ஐந்தைத் தனியாக வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து, சரிபார்ப்போம் என்று மறுபடி எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் படித்தேன். காலையில் மூன்றாவதாக இருந்தது சாம்பார் சாதத்துக்குப் பிறகு எட்டாவதாகிவிட்டது. ஒன்பதாவது மேலே ஏறி இரண்டாவதாக உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பயமே வந்துவிட்டது. இருபது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேனா?

துறைத் தலைவர் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்.

“ரொம்ப யோசிக்காதீங்க மேடம். திருத்தறவங்க யோசிக்க ஆரம்பிச்சா ரிசல்ட் வெளியே வராது. லிமிட் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?”

நான்தான் கேட்டேன். கடைசியில் காலையில் போட்ட வரிசையையே எடுத்துக்கொண்டேன். காலையில் தூக்கம் வரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. மீதி ஆறு பேருக்கும் ஒரே மாதிரி எண்பத்தொன்பது போட்டுக் கையெழுத்திட்டேன்.

அன்று சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். அவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறார்.

“எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் இதானே நடக்குது” என்றார். “டீம்ல எல்லாரும் நல்லா வேலை செஞ்சாலும் யாராவது ஒருத்தன் கீழ போயே ஆகணும்.”

“நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?”

“கீழ போறது நான் இல்லாதவரைக்கும் என்ன சொல்றது?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரிடமா, என்னிடமா என்று தெரியவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ரிசல்ட் வந்த மறுநாள் வண்டி நிறுத்துமிடத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவளும் அந்த ஆறில் ஒருத்தி. சராசரி ஒன்பதுக்குக் கீழே ஒரு முடி அளவு இறங்கியிருந்தது.

“மேடம், திட்டாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் பேப்பர்ல எங்க குறைஞ்சது? சொன்னீங்கன்னா அடுத்த செமஸ்டர்ல சரி பண்ணிக்குவேன்.”

அவள் மார்க் கேட்டு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விதி, வரம்பு என்று ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் கேட்டது மார்க் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“எங்கேயும் குறையலைம்மா. நீ நல்லாத்தான் எழுதியிருக்கே. இடம் அஞ்சுதான் இருந்தது. வந்தவங்க பதினோரு பேர்.”

அவள் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“எங்க குப்பத்துலயும் அப்படி வரும் மேடம். முகத்துவாரத்துல வலை போட இடம் கொஞ்சம்தான் கீது. ஆளு ஜாஸ்தியானா சீட்டு குலுக்கிப் போடுவாங்க. எங்கப்பாக்கு சீட்டு வரலைன்னா வரலை, அவ்ளோதான். வலை போடத் தெரியாதவன்னு யாரும் அவரைச் சொல்லமாட்டாங்க. இது அப்படி இல்லையே மேடம். எண்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு. அப்ப ஒண்ணு குறைஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? அந்த ஒண்ணு இன்னான்னுதான் கேக்கறேன்.”

அப்படி ஒன்று இல்லை என்று மறுபடியும் சொன்னேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. “தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து சார் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு எங்கிட்டயும் வந்து கேட்டா. பிரசன்டேஷன் இன்னும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணும்மா, ஹெடிங்கெல்லாம் எடுப்பா தெரியணும்னு சொல்லி அனுப்பினேன். சந்தோஷமா போனா.”

“சார், நீங்க அவ பேப்பரைப் பார்க்கவே இல்லையே.”

“பார்க்கணுமா என்ன? யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட மறுகேள்வி கேட்டதில்லை. பிரசன்டேஷன் யாருக்குத்தான் முழுசா நல்லா இருக்கு?”

அவர் சொன்னதில் எங்கே பொய் இருக்கிறது என்று விரல் வைக்கவும் முடியவில்லை. நான் உண்மையைச் சொன்னேன், அழுதுகொண்டு போனாள். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், சிரித்துக்கொண்டு போனாள். அவளைக் கூப்பிட்டு, சார் சொன்னதை நம்பாதே என்று சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். சொன்னால் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடியும் போய்விடும். அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஐந்தாவது செமஸ்டரில் கம்பெனிச் சட்டம். அதுவும் நான்தான். பழையபடி இரண்டாவது பெஞ்சு ஓரம், பழையபடி பஸ் தாமதம். ஆனால் இப்போது மேஜைமேல் ஒரு ஸ்கேல் இருந்தது, இரண்டு கலரில் பேனா இருந்தது. நான் பேசுகிற வேகத்துக்கு அவள் தலைப்புக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கேள்விகள் குறைந்துவிட்டன. ஒரு வேளை புரிகிறது போலும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேப்பர்கள் வந்தன. டம்மி எண்தான். யாருடையது என்று தெரியக் கூடாது, தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். ஆனால் ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போடுகிற பழக்கம் அந்த வகுப்பில் ஒருத்திக்குத்தான் உண்டு. பிரிவு ஏழு என்று எழுதியிருந்த இடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் பேனா நின்றது.

அத்தனை அழகான விடைத்தாளை நான் பார்த்ததில்லை. தலைப்புகள் கறுப்பில், விளக்கம் நீலத்தில். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. வரையறைகளுக்குப் பெட்டி. நான்கு பக்கமும் பென்சிலில் ஓரக்கோடு. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. முதல் கேள்வி முழுசாக, இரண்டாவது முழுசாக, மூன்றாவதில் கோடுகள் அவசரப்பட ஆரம்பித்திருந்தன. கடைசிக் கேள்விக்குத் தலைப்பு இருந்தது, தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு இருந்தது, அதற்குக் கீழே மூன்று வரி இருந்தது. நான்காவது வரி பாதியில் நின்றிருந்தது. மணி அடித்திருக்க வேண்டும்.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று விரலால் நெம்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழுதாத விடைக்கு என்ன போட முடியும்? மூன்று வரிக்கு எவ்வளவு தாராளமாகப் போடலாமோ அவ்வளவும் போட்டேன். எண்பத்திரண்டு வந்தது. கூட்டல் தப்பாக இருக்கும் என்று மூன்று முறை கூட்டினேன், அப்போதும் எண்பத்திரண்டுதான்.

இந்த முறை தேர்வு அலுவலகத்திலிருந்து எந்தக் கட்டும் திரும்பி வரவில்லை. வரம்பு வந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கை சுருங்கிவிட்டது போலிருக்கிறது. எனக்கும்தான். தொண்ணூறைத் தாண்டியவர்கள் நான்கு பேர். ஐந்தாவது இடத்துக்கு ஆள் இல்லை. அவள் பழையபடி என் நோட்ஸை அப்படியே நீலப் பேனாவில் எழுதியிருந்தால், கடைசிக் கேள்வியையும் முடித்திருப்பாள், அந்த இடம் அவளுக்காகக் காத்திருந்திருக்கும்.

“பாத்தீங்களா மேடம்” என்றார் சார், நிஜமான சந்தோஷத்தோடு. “லிமிட் தன்னாலேயே வேலை செய்யுது. யாரையும் இறக்கவே தேவைப்படலை.”

கம்பெனி வந்தது, தேர்வு நடத்தியது, போயிற்று. அன்று அவள் வகுப்பில்தான் இருந்தாள். வளாகத் தேர்வுக்குப் போனவர்களின் பெஞ்சுகள் காலியாக இருந்ததால் அவள் தனியாகத் தெரிந்தாள். நான் எதையோ நடத்தினேன். அவள் தலைப்புக்குக் கோடு போட்டாள்.

வரம்பு வேண்டுமா வேண்டாமா என்று இன்று யாராவது என்னை எழுப்பிக் கேட்டால், என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் கேன்டீனில் நின்ற அந்தப் பையன் கண்ணுக்கு முன்னால் வருகிறான். வேண்டும் என்றால் இரட்டைக் கோட்டுக்குக் கீழே அந்த மூன்று வரி வருகிறது. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், எந்தப் பக்கம் பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். இந்த முறை எங்கே குறைந்தது என்று அவள் கேட்டால், பேப்பரைத் திறந்து, பக்கத்தைத் திருப்பி, இதோ இங்கே என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். ரிசல்ட் வந்ததிலிருந்து சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அவள் கேட்க வரவில்லை.